மூக்கோரத்தில் மூன்று புள்ளி

டிஷ்யூவை நாலாக மடித்து இடது உள்ளங்கையில் வைத்துக்கொள்வாள் உம்மு சல்மா. வலது கையில் பின். நுனியில் சின்ன வளையம் வைத்த எவர்சில்வர் பின்; டெட்டாலில் முக்கி முக்கி அதன் பிடி மங்கிப்போயிருக்கும். ஆவி பிடித்து இளகிய மூக்கின் ஓரத்தில் வளையத்தைப் பொருத்தி, தன் மூச்சை நிறுத்திக்கொண்டு, ஒரே அழுத்து. தலை கறுத்து உடம்பு வெளுத்த ஒன்று மெல்ல எட்டிப் பார்க்கும். அதை வளையத்தாலேயே வழித்து டிஷ்யூவின் ஓரத்தில் தடவுவாள். அடுத்ததை அதன் பக்கத்தில். வரிசை கோணாது. மூக்கு, மோவாய், உதட்டின் கீழ்ப்பள்ளம் எல்லாம் முடிந்த பிறகும் டிஷ்யூவைக் குப்பையில் போட மாட்டாள். படுத்திருப்பவளை எழுப்பி உட்காரவைத்து, டியூப்லைட் வெளிச்சத்தில் அதை நீட்டிக் காட்டுவாள்.

"பாருக்கா, எவ்ளோ கீது உள்ள."

பார்க்காமல் போனவர்கள் யாருமில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டே குனிந்து பார்ப்பார்கள். சிலர் போனில் படம் எடுப்பார்கள். சிறுசேரியில் வேலை பார்க்கும் வசுமதி ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்ப்பாள்.

"இத்தனையும் என் மூக்கிலயா இருந்துச்சு? இதை வச்சிக்கிட்டா நான் மீட்டிங்ல உக்காந்தேன்?"

"உங்க ஆபீஸ் ஏசிக்கு பயந்துகினு உள்ளயே குந்தியிருந்துச்சு போல."

கேளம்பாக்கம் ஜங்ஷனிலிருந்து கோவளம் ரோட்டில் திரும்பியதும் ஒரு செல்போன் கடை. அதன் மாடியில்தான் ஜெஸ்ஸியின் பார்லர். கல்யாண மேக்கப்பும் கல்லாவும் ஜெஸ்ஸியுடையது. முகம் கழுவி, ஆவி காட்டி, கரும்புள்ளி எடுத்து, பேக் பூசிக் காயவைத்து அனுப்புகிற கிளீனப் முழுக்க உம்மு சல்மாவின் ராஜ்யம். பன்னிரண்டு வருஷம். சனிக்கிழமைகளில் போன் பண்ணுகிறவர்கள் பார்லர் திறந்திருக்கிறதா என்று கேட்கமாட்டார்கள், "சல்மாக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

கை ஓடிக்கொண்டிருக்கும்போதே வாயும் ஓடும். நகத்தால கிள்ளாத, கிள்ளினா குழி வுழும். மாசத்துக்கு ஒரு தடவைக்கு மேல ஆவி புடிக்காத. தலைக்கு எண்ண வெச்சிகினு அப்டியே தலகாணில மூஞ்ச தேய்ச்சிகினு தூங்காத. ஸ்க்ரப்புன்னு வாங்கி பாத்திரம் தேய்க்கிற மாதிரி தேய்க்காத, அது மூஞ்சி, குண்டான் இல்ல. படுத்திருப்பவர்கள் சிரித்து, பேக் காய்ந்த கன்னம் வெடித்துப்போகும். "சிரிக்காதக்கா, மறுபடியும் பூசணும்" என்பாள்.

இவ்வளவும் தெரிந்தவள்தான். தன் வீட்டில் மட்டும் இதில் ஒன்றைக்கூட அவள் கடைப்பிடிக்கவில்லை.

வீடு கோவளத்தில், தர்காவுக்குப் பின்னால் போகும் சந்தில். கணவன் அப்துல் சுபஹானுக்கு மாமல்லபுரத்தில் தொப்பியும் பையும் கூலிங்கிளாஸும் விற்கிற கடை. ஊருக்கெல்லாம் லீவு நாள் என்றால் அவனுக்கு அன்றுதான் வியாபாரம். அதனால் ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டில் இரண்டே பேர். உம்மு சல்மாவும் மகள் அஃப்ஸானாவும்.

அஃப்ஸானா ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிறு. சாப்பிட்டு முடித்து ஜன்னல் பக்கம் குப்புறப் படுத்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பியபோது வெயில் மூக்கோரத்தில் விழுந்தது. கேளம்பாக்கத்துக்குப் போகிற ஷேர் ஆட்டோவில்கூட எதிரில் உட்கார்ந்தவளின் மூக்கைப் பார்த்துப் பழகிய கண் அது. தப்புமா? மூன்று புள்ளி. கடுகில் பாதிகூட இருக்காது.

"அட, உனக்குமா வந்துடுச்சு? இங்க வா."

குண்டானில் தண்ணீர் கொதித்தது. துண்டால் தலையை மூடி ஆவி காட்டினாள். பிறகு மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். பார்லர் பின் கைப்பையிலேயே இருந்தது.

"கூசுதும்மா."

"ஆடாத. ஆடினா மூக்கே கையோட வந்துடும்."

அஃப்ஸானா கிக்கிக்கி என்று சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். மற்ற நாட்களில் "ஸ்கூல்ல இன்னா நடந்துச்சு?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பவள் அவள். கண்ணை மூடி மடியில் கிடந்தபோது என்னவெல்லாமோ வந்தது. கணக்கு மிஸ்ஸுக்குக் கல்யாணம் நின்றுபோனது. பக்கத்துப் பெஞ்சுக்காரி பேனாவைத் திருடிவிட்டு அல்லாஹ் மேல் சத்தியம் பண்ணியது. தனக்கு ஓட்டப்பந்தயத்தில் பெயர் கொடுக்க ஆசை இருந்தும் கொடுக்காமல் விட்டது. உம்மு சல்மா கேட்டுக்கொண்டே அழுத்தினாள். வாரத்தில் ஆறு நாள் யார் யார் முகத்திலோ கிடக்கும் கை, பெற்ற பிள்ளையின் முகத்தை இவ்வளவு நேரம் தொட்டு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்!

அடுத்த ஞாயிறும் குண்டான் அடுப்பில் ஏறியது. அதற்கடுத்த ஞாயிறும். மாசத்துக்கு ஒரு தடவை என்ற கணக்கு பார்லரோடு நின்றுவிட்டது. எடுக்க ஒன்றும் இல்லாத வாரங்களிலும் அவள் எடுத்தாள். புள்ளி இல்லாத இடத்தில் வளையத்தை வைத்து அழுத்தினால் அங்கேயும் கொஞ்சம் வெள்ளையாக வரத்தான் செய்தது. "பாரு, இன்னும் கீது" என்பாள். மடி காலியாகாமல் இருக்க அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அப்படி நாலு வருஷம்.

பத்தாவது வந்தபோது அஃப்ஸானாவின் மூக்கைச் சுற்றியும் கன்னத்தின் உள்பக்கமும் துவாரங்கள் பெரிதாகத் தெரிய ஆரம்பித்தன. அழுத்திய இடங்களில் பழுப்புத் திட்டுகள். அவற்றுக்கு நடுவில் சீழ் கோத்த பருக்கள். வகுப்பில் ஒருத்தி, "உங்கம்மா ஊருக்கெல்லாம் மூஞ்சி கழுவுது, உன்ன மட்டும் மறந்துடுச்சா?" என்று கேட்டாளாம். அதையும் மடியில் படுத்துத்தான் சொன்னாள். சொல்லும்போது சிரிக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை பார்லரிலிருந்து வரும்போது உம்மு சல்மாவின் பையில் ஒரு ரோஸ் டப்பா இருந்தது.

அந்த க்ரீமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அதற்குக் கம்பெனிப் பெயர் கிடையாது. பார்லரில் எல்லோரும் "ஸ்பெஷல்" என்பார்கள். மெடிக்கலில் சீட்டில்லாமலே கிடைக்கிற ஒரு டியூப் மருந்து ஒரு பங்கு, வெள்ளையாக்கும் க்ரீம் ஒரு பங்கு, கோல்டு க்ரீம் இரண்டு பங்கு. கிண்ணத்தில் போட்டுக் கரண்டிக் காம்பால் கலக்கி, டப்பாவில் அடைத்துக் கொடுப்பார்கள். கலக்குவது உம்மு சல்மாதான். பூசிய ஐந்தாம் நாளே முகம் தோலுரித்த முட்டை மாதிரி ஆகிவிடும். நிறுத்தியவர்கள் முகம் சிவந்து திரும்பி வந்ததையும் அவள் பார்த்திருக்கிறாள். அப்போதெல்லாம் ஜெஸ்ஸி, "பாத்தீங்களா, நிறுத்தினதும் எப்டி ஆயிடுச்சு? அதான் நிறுத்தாதீங்கன்னு சொன்னேன்" என்று இன்னொரு டப்பா எடுத்துக் கொடுப்பாள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும்.

அஃப்ஸானாவின் முகம் பத்து நாளில் தெளிந்துவிட்டது. திட்டு போயிற்று, பரு போயிற்று. ரம்ஜானுக்கு வந்த நாத்தனார் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "அம்மா பியூட்டீஷியன்னா சும்மாவா!" ஜெஸ்ஸி ஒருநாள் அவளைப் பார்லருக்கு வரவழைத்து, ஜன்னலோரம் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். பழைய படம் ஒன்றையும் பக்கத்தில் போட்டு, 'முன்', 'பின்' என்று எழுதி வாசல் போர்டில் ஒட்டினாள். அஃப்ஸானா அந்த போர்டுக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டாள். உம்மு சல்மா மாடிப்படி ஏறும்போதெல்லாம் ஒரு கணம் நின்று அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாள்.

பதினோராம் வகுப்பு பரீட்சை முடிந்த லீவில் அஃப்ஸானா பல்லாவரத்தில் அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாள். டப்பாவை எடுத்துவைக்க மறந்துவிட்டாள். நாலாம் நாள் காலை போன்.

"அம்மா, மூஞ்சி எரியுதும்மா. மொளகா தேச்ச மாதிரி."

திரும்பி வந்தபோது கண்ணுக்குக் கீழிருந்து தாடைவரை செக்கச்செவேலென்று வீங்கியிருந்தது. விரல் பட்டால் அலறினாள். காற்று பட்டால்கூட எரிந்தது. உம்மு சல்மா கொஞ்சம்கூட யோசிக்காமல் டப்பாவைத் திறந்தாள். பூசினாள். இரண்டு நாளில் அடங்கியது. ஒரு வாரத்தில் மறுபடி எழும்பியது. இன்னும் கொஞ்சம் கனமாகப் பூசினாள். மூன்றாம் தடவை க்ரீமுக்கு அது அடங்கவே இல்லை. கன்னத்தில் சிவப்பு நரம்பு நூல் நூலாகத் தெரிந்தது. தாடையில் ரோமம் முளைத்தது. மூக்கோரம் முழுக்கக் கொத்துக் கொத்தாகப் பரு.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா" என்றாள் அஃப்ஸானா.

கேளம்பாக்கத்தில் காட்டினால் பார்லருக்கு வருகிறவர்கள் யாராவது பார்ப்பார்கள். அதனால் செங்கல்பட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் உலகநாதன், தோல் டாக்டர், அறுபது வயது இருக்கும். கூட்டமான கிளினிக். வெளியே நெருக்கடி என்று அடுத்த நாலு பேரையும் உள்ளேயே பெஞ்சில் உட்காரவைத்துவிடுகிற வழக்கம் அங்கே. ஒருவர் நோயை நாலு பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

டாக்டர் லென்ஸை வைத்துக் கன்னத்தைப் பார்த்தார். தொடவில்லை.

"எவ்ளோ நாளா போடறீங்க?"

"இன்னாது சார்?" என்றாள் உம்மு சல்மா.

"க்ரீம். ஸ்டீராய்டு கலந்த க்ரீம். இந்த மூஞ்சியப் பாத்தா ரோட்ல போறவனுக்கே தெரியும். தோலு அதுக்கு அடிமையாயிடுச்சு. யாரு குடுத்தா?"

பெஞ்சில் இருந்த நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் உம்மு சல்மாவுக்கு என்னென்னவோ தோன்றியிருக்கலாம். ஜெஸ்ஸி, மாடிப்படி, போர்டு, கிண்ணம், கரண்டிக் காம்பு. ஒன்றையும் அவள் யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"அதுவே வாங்கிப் போட்டுச்சு சார். போன்ல இன்னாத்தையோ பாத்துகினு. எனக்கு ஒண்ணுமே தெரியாது."

டாக்டர் நாற்காலியை அஃப்ஸானா பக்கம் திருப்பினார்.

"பாத்தியாம்மா, வெள்ளையாவணும்னு ஆசப்பட்டு என்ன ஆச்சுன்னு? பெத்தவங்களக் கேக்காம கண்ட கருமத்தையும் பூசினா இதான். மூஞ்சி என்ன சுவரா, பட்டி பாக்கறதுக்கு?"

பெஞ்சில் ஒரு அம்மாள், "இந்தக் காலத்துப் புள்ளைங்க போனப் பாத்தே கெட்டுப்போவுதுங்க" என்றாள். அஃப்ஸானா தன் அம்மாவை ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம் தலையாட்டினாள். ஆமாம் என்பதுபோல.

டாக்டர் எழுதிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த க்ரீமை ஒரு பொட்டுகூடத் தொடக்கூடாது. நிறுத்தியதும் இன்னும் மோசமாகும், பயப்படக்கூடாது. ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். நுரை குறைவான ஃபேஸ்வாஷ், ரெண்டு வேளை, விரல் நுனியால் மட்டும். பிறகு ஈரம் காக்க ஒரு க்ரீம். பகலில் வெயிலுக்கு ஒன்று. எரிச்சல் எல்லாம் அடங்கின பிறகு ராத்திரிக்கு ஒரு ஜெல் தருவார், பிளாக்ஹெட்ஸுக்கு அது போதும்.

"மூக்கில இது என்ன, இவ்ளோ குழி? அமுக்கி அமுக்கி எடுத்தியா?"

அஃப்ஸானா மறுபடி தலையாட்டினாள்.

"அது அழுக்குன்னு யாரு சொன்னா உங்களுக்கெல்லாம்? உள்ள இருக்கற எண்ணெயும் செத்த தோலும் காத்து பட்டு கறுத்துப்போவுது, அவ்ளோதான். தேய்ச்சாலும் போவாது. மூக்கோரத்தில இருக்கறதுல முக்காவாசி பிளாக்ஹெட்ஸே கிடையாது. எல்லார் மூக்கிலயும் இருக்கு. என் மூக்கிலயும் இருக்கு. புடுங்கினா ஒரு மாசத்தில திரும்ப ரொம்பிக்கும். அதுபாட்டுக்கு இருக்க வேண்டியது. இனிமே உன் மூஞ்சில உன் கையும் படக்கூடாது, வேற எவ கையும் படக்கூடாது. புரியுதா?"

உம்மு சல்மா தன் கைகளைப் புர்காவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் வரை ஒரு பஸ். அங்கிருந்து கேளம்பாக்கத்துக்கு இன்னொன்று. வழி முழுக்க அஃப்ஸானா ஜன்னல் பக்கம் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். திருப்போரூரில் இறங்கி நின்றபோது உம்மு சல்மா, "ஜூஸ் குடிக்கிறியா?" என்று கேட்டாள். பஸ் வந்து நின்ற பிறகு, ஏறுவதற்கு முன், அஃப்ஸானா திரும்பாமலே சொன்னாள்.

"நானே வாங்கிப் போட்டேன், இல்லம்மா?"

அதன்பிறகு அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தட்டைத் தூக்கி எறிந்திருந்தால் உம்மு சல்மா பொறுக்கி எடுத்து வைத்திருப்பாள்.

பன்னிரண்டாம் வகுப்பு ஆரம்பித்த முதல் நாள், அஃப்ஸானா முகத்தையும் மூடிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தாள். அதுவரை தலையை மட்டும்தான் மூடுவாள். இப்போது கண் மட்டும் தெரிந்தது. அப்துல் சுபஹான் நாஸ்தாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"நீயாதான் போட்டுக்கிட்டியாம்மா?"

"ஆமா, அத்தா."

அவன் முகம் மலர்ந்துபோனது. அவனுக்குச் சொல்லியிருந்தது 'அலர்ஜி' என்ற ஒரு சொல் மட்டும். அன்றைக்கே தெருவில் செய்தி பரவியது. நாத்தனார் போனில் அழுதாள், சந்தோஷத்தில். "மாஷா அல்லாஹ், நல்லா வளத்திருக்க மச்சி. என் பொண்ணுங்களும்தான் கீதுங்களே, தலத்துண்டு நிக்க மாட்டேங்குது." பக்கத்து வீட்டுக்காரி, "யாரு சொல்லிக்குடுத்தது? நீயா?" என்று கேட்டாள்.

"இல்ல. அதுவா போட்டுக்கிச்சு" என்றாள் உம்மு சல்மா.

"அதுவாவா! அதான் பெரிசு. குடுத்து வெச்சவ நீ."

விருந்துக்குப் போனாலும், துணிக்கடைக்குப் போனாலும், ஒவ்வொருத்தராக வந்து கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். மார்க்கத்துக்காக மனசார முகம் மூடுகிற பெண்கள் அந்தத் தெருவிலேயே இருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தி அஃப்ஸானாவுக்கு அத்தர் வாங்கித் தந்தாள். உம்மு சல்மா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். தன் மகள் இறைவனுக்காக மூடவில்லை, தன்னிடமிருந்து மூடியிருக்கிறாள் என்று யாரிடம் சொல்வது? சொல்ல வேண்டுமென்றால் செங்கல்பட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வீட்டுக்குள் வந்தால் முகத்துணி போய்விடும், அதற்குப் பதில் சால்வை வரும். மூக்குக்கு மேல்வரை சுற்றியிருப்பாள். சோற்றுத் தட்டை அறைக்குள் எடுத்துப்போய், சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவாள். டாக்டர் எழுதிய மருந்துகளை உம்மு சல்மா வாங்கிவந்து கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைப்பாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் இருக்காது. முதல் இரண்டு மாதம் உள்ளேயிருந்து முனகல் கேட்கும். எரிச்சல். ஈரத்துணியை முகத்தில் போட்டுக்கொண்டு விசிறியடியில் கிடப்பாள் போலிருக்கிறது. கதவின் இந்தப் பக்கம் உம்மு சல்மா நின்றுகொண்டிருப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எதற்கென்றே தெரியாமல் குண்டானில் தண்ணீர் வைத்துவிட்டாள். கை பழக்கம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிற சத்தம் கேட்டு அஃப்ஸானா வெளியே வந்தாள். அடுப்பைப் பார்த்தாள். கிட்டே வந்து கேஸை அணைத்தாள். திரும்பிப் போனாள்.

"அஃப்ஸானா" என்று கூப்பிட்டாள் உம்மு சல்மா. "நான் வேணும்னு சொல்லலம்மா. அங்க அத்தினி பேர் பாத்துகினு இருந்தாங்க. வாயில வந்துடுச்சு. டாக்டர்கிட்ட நான் திரும்பப் போய் சொல்லிட்டு வரேன். நான்தான் போட்டேன்னு சொல்லிட்டு வரேன்."

கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது.

டாக்டரிடம் அவள் போகவில்லை. மறுநாள் காலை புர்கா மாட்டி, பை எடுத்து, கோவளம் ஸ்டாண்டுவரை வந்தாள். அங்கிருந்து பார்லருக்குத்தான் போனாள். அன்று ஜெஸ்ஸியிடம் இதைமட்டும் சொன்னாள்.

"ஸ்பெஷல் இனிமே நான் கலக்க மாட்டேன். அந்த படத்தையும் எடுத்துடு."

"படத்த எடுத்துடறேன்க்கா. க்ரீம் நீ கலக்கலன்னா நான் கலக்கறேன். கேக்கறவங்களுக்கு இல்லன்னு சொல்ல முடியுமா? போர்டப் பாத்து எத்தினி பேர் வந்தாங்கன்னு தெரியுமா உனக்கு?"

எத்தனை பேர் என்று உம்மு சல்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் பிள்ளை முகத்தைப் பார்த்து நம்பி வாங்கிப்போன முகங்கள். படூரில், தையூரில், நாவலூரில். அவர்களில் ஒருத்தியின் பெயரும் அவளுக்குத் தெரியாது. மூக்கை வேண்டுமானால் அடையாளம் தெரியும்.

வேலையில் பழைய கை போய்விட்டது. வசுமதி ஒரு சனிக்கிழமை வந்து படுத்தாள். ஆவி காட்டி, டிஷ்யூ மடித்து, பின்னை எடுத்தாயிற்று. வளையம் மூக்கின்மேல் நிற்கிறது, அழுத்த வரவில்லை. எல்லார் மூக்கிலும் இருக்கிறது, அதுபாட்டுக்கு இருக்க வேண்டியது. பன்னிரண்டு வருஷம் டிஷ்யூவில் வரிசை கட்டிக் காட்டியதெல்லாம் என்ன?

"என்ன சல்மா, தூங்கிட்டியா?"

"ஒண்ணுமில்லக்கா. உங்களுக்கு இப்ப ஒண்ணும் இல்ல. கழுவிட்டுப் போலாம்."

வசுமதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூக்கைத் தடவிப் பார்த்தாள். "நல்லா பாத்தியா? போன மாசம் அவ்ளோ இருந்துச்சே?" டிஷ்யூ வெள்ளையாக இருந்ததில் அவளுக்குத் திருப்தியே இல்லை. அடுத்த மாசம் வேறு பார்லருக்குப் போய்விட்டாள். இப்படி மூன்று நாலு பேர் ஆனதும் ஜெஸ்ஸி ஒரு புதுப் பெண்ணைக் கிளீனப்புக்கு வைத்தாள். உம்மு சல்மாவுக்குப் புருவம் திருத்துகிற வேலை மிஞ்சியது. பல்லில் நூலைக் கடித்துக்கொண்டிருப்பதால் பேச வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது.

அஃப்ஸானா நல்ல மார்க் வாங்கினாள். சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இடம் கிடைத்தது. தினமும் போய்வரக்கூடிய தூரம்தான். அவள் ஹாஸ்டல் கேட்டாள். அப்துல் சுபஹான் தயங்கினான். உம்மு சல்மாதான், "போகட்டும்" என்றாள். கேட்டதில் ஒன்றையாவது கொடுத்தால் கணக்கில் கொஞ்சம் குறையுமோ என்று நினைத்தாள்.

மாசத்துக்கு ஒரு தடவை வருவாள். சனிக்கிழமை மதியம் வந்தால் ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவாள். லீவு விட்டாலும் மூன்று நாளுக்கு மேல் தங்கமாட்டாள், ஸ்பெஷல் கிளாஸ் என்பாள். மரியாதைக் குறைவாக ஒரு சொல் வராது. சந்தையில் மீன் வாங்கி வருவாள், அத்தாவின் சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தருவாள். பெருநாளுக்கு அம்மாவுக்குப் புடவைகூட எடுத்து வந்தாள். ஆனால் சால்வை மூக்குக்கு மேலேயே இருக்கும். வந்த உடனே உம்மு சல்மாவின் கண் போவது அந்த ஓரத்துக்குத்தான், துணிக்கு மேலே கொஞ்சம் தெரியும் கன்ன எலும்புக்கு. அது தெரிந்து அஃப்ஸானா சால்வையை இன்னும் ஒரு விரற்கடை ஏற்றுவாள்.

"இப்ப எப்டிம்மா கீது? எரியுதா?"

"பரவால்ல."

"டாக்டரப் போய்ப் பாத்தியா? வேற டாக்டர் வேணும்னா பாப்போமா? ஒரே ஒரு தடவ காட்டும்மா. தொட மாட்டேன். தூரமா நின்னுகினு பாக்கறேன்."

"வேணாம்மா. பாத்தா நீ தாங்க மாட்ட."

இந்த ஒரு வரிதான். முதல் வருஷம் சொன்னதையே இரண்டாம் வருஷமும் சொன்னாள், மூன்றாம் வருஷமும். ஒவ்வொரு தடவையும் உம்மு சல்மா அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து அந்த முகத்தைக் கற்பனை பண்ணிப் பார்ப்பாள். நரம்பு, ரோமம், திட்டு, குழி. நாளாக நாளாக அந்த முகம் அவளுக்குள் மோசமாகிக்கொண்டே போனது. மகளுக்கு இந்த முகத்தோடு யார் வருவார்கள், எப்படி வாழ்வாள் என்று நினைத்து நினைத்து அவளுக்குத் தலைமுடி கொட்டியது. தர்காவுக்குப் போனாலும் கேட்பது அது ஒன்றுதான்: என் மூஞ்சிய எடுத்துக்க, அதுக்குப் பதில் புள்ள மூஞ்சியத் தா. இப்போதும் வியாழக்கிழமைதோறும் போய்க்கொண்டிருக்கிறாள்.

பிறகு தெரியவந்த, உம்மு சல்மாவுக்கு மட்டும் இன்னும் தெரியாத ஒன்று இருக்கிறது. அஃப்ஸானாவோடு ஹாஸ்டலில் மூன்று வருஷமும் ஒரே அறையில் இருந்த சிநேகா, திருப்போரூர்க்காரப் பெண், சொன்னது. அஃப்ஸானா செங்கல்பட்டு டாக்டரிடம் ஒரு மாசம்கூட விடாமல் தனியாகப் போய்க் காட்டியிருக்கிறாள். கல்லூரியில் சேர்ந்த அந்த ஆடி மாசத்திலேயே முகம் சுத்தமாகத் தெளிந்துவிட்டது. ஹாஸ்டலிலும் வகுப்பிலும் தலைத்துண்டு மட்டும் கட்டி, முகம் திறந்துதான் இருந்தாள். என்ன போடுகிறாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஃபேஸ்வாஷ் பெயரையும் வெயில் க்ரீம் பெயரையும் எழுதிக் கொடுப்பாளாம். சனிக்கிழமைகளில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் ஊருக்கு வருவார்கள். படூர் தாண்டியதும் அஃப்ஸானா பையிலிருந்து சால்வையை எடுத்து, கேளம்பாக்கம் வருவதற்குள் மூக்குக்கு மேல்வரை சுற்றிக்கொள்வாள்.